மாடி ஏறிய பிரிண்டர்

"பிரிண்டரை மாடிக்குத் தூக்கிக்கிட்டுப் போனியே, அதோட புது நெட்வொர்க் முகவரியை எங்கிட்ட சொன்னியா?" கோர்ட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஸ்பூலர், பிரிண்டரை மாற்றிய ஊழியரைப் பார்த்து அலுத்துப்போய்க் கத்தியது. அச்சுக்கு வருவதையெல்லாம் வரிசையில் நிறுத்தி, நெட்வொர்க் வழியே பிரிண்டருக்கு அனுப்புவதுதான் அதன் பிழைப்பு.

வரிசையில் முதலில் நின்ற ஜாமீன் உத்தரவு கெஞ்சியது: "அண்ணே, அஞ்சு மணிக்குள்ள நான் அச்சாகலேன்னா இருளப்பன் இன்னிக்கும் ஜெயில்லதான்."

"ஆளில்லாத வீட்டை எத்தனை தரம்டா தட்டுறது? பழைய முகவரியில பதிலே இல்லை. ஆமா, உன் பின்னால நிக்கிற பன்னிரண்டு பேரும் யாரு, கூடப்பிறந்தவங்களா?"

"எல்லாம் நானேதான் அண்ணே. பிரிண்டரை மாத்தின அதே ஆள்தான் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கார்."

ஸ்பூலருக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நூறு தரம் அமுக்கினாலும் நான் பழைய வீட்டுக்குத்தான் போவேன். பட்டனை விட்டுட்டு, புது முகவரியை எனக்குக் கொடுய்யா. மணி நாலே முக்கால்!"