படகு திரும்பிய காலை

ரெஜினா, மெகருன்னிசா, கோமதி மூவரும் ஓய்வுபெற்ற கையோடு சேர்ந்து ஒரு பாய்மரப் படகு வாங்கினார்கள். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போவது அவர்களின் கல்லூரிக் காலக் கனவு. அந்தப் படகுக்குச் சுக்கான் பிடிக்க ஆள் வேண்டாம். ஏறியிருப்பவர்களின் மனத்தைப் படித்து, பெரும்பாலோர் விரும்பும் பக்கம் தானே போகும்.

மூன்றாம் நாள் காலை, சிரித்துப் பேசி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படகு மெல்லத் திரும்பியது.

“எங்க போற?” என்று படகிடம் கேட்டாள் ரெஜினா.

“ஊருக்கு. மூன்று பேரில் இரண்டு பேர் திரும்ப விரும்புகிறார்கள்,” என்றது படகு. பெயர் சொல்ல அதற்கு அனுமதியில்லை.

“நான் இல்லட்டி,” என்றாள் கோமதி.

“சத்தியமா நானும் இல்ல,” என்றாள் மெகருன்னிசா.

தான் இல்லையென்றால் அவர்கள் இருவரும்தான் என்று ரெஜினாவுக்குப் புரிந்தது. வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை. ஆனாலும் தோழிகள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், “நான்தான். முழங்கால் வலி தாங்கல,” என்று பொய் சொன்னாள்.

“அதுக்கென்ன, திரும்பிருவோம்,” என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

ரெஜினா கடலைப் பார்த்தாள்.

“இப்போது மூன்று பேரும்,” என்றது படகு.

அவர்கள் இருவரும் எப்போதிலிருந்து திரும்ப நினைத்தார்கள் என்று கேட்காமல், ரெஜினா உப்புமாத் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள்.