சத்தமில்லாத மோட்டார்

“சார், இன்னிக்கு அந்த ரேடியோவை நீங்க நிறுத்துறீங்களா, இல்ல நாங்களே போய்ப் பிடுங்கட்டுமா?”

விடிந்தும் விடியாமல் வாசலில் கூட்டம். குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பல் தேய்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. நீச்சல் குளத்துப் பம்ப் மோட்டார் போடும் சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டதே தரைத்தள அம்மாள்தான். அவர் வீடு மோட்டார் ரூமை ஒட்டியது. மீட்டிங் என்றால் செயலாளரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

ஒருவழியாகப் போன வாரம் புது மோட்டார் வந்தது. தொட்டுப் பார்த்தால்தான் ஓடுவதே தெரியும். அப்பாடா என்றார்கள் எல்லாரும்.

மறுநாளே அந்த அம்மாள் ஜன்னலில் ரேடியோவை வைத்து, காது கிழியப் பாடவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் இதே கூத்து.

செயலாளர் விறுவிறுவென்று போனார். அம்மாள் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே குளத்தில் மூன்றாவது மாடிப் பெரியவர் மட்டும் நீந்திக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, சத்தம் வேண்டாம்னு சொன்னதும் நீங்க, இப்ப சத்தம் போடுறதும் நீங்களா?”

“அவர் நீந்தி முடிக்கட்டும் சார். நிறுத்திடறேன்.”

“பாவம், அந்த மனுஷனாவது நிம்மதியா நீந்த வேண்டாமா?”

சொல்லிக்கொண்டே செயலாளர் பட்டென்று ரேடியோவை அணைத்தார்.

“ஐயையோ, போடுங்க சார்!”

நடுக்குளத்தில் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். தலையை அங்கும் இங்கும் திருப்பினார். பிறகு ஏணிக்கு நேர் எதிரே, ஆழமான பக்கம் நீந்த ஆரம்பித்தார். கை தடுமாறியது. தண்ணீர் குடித்து இருமினார்.

செயலாளர் அவசரமாக ரேடியோவைத் திருகினார். பாட்டு அலறியது.

பெரியவர் திரும்பினார். பாட்டு வந்த திசையில் நேராக நீந்தி வந்தார். ஜன்னலுக்குக் கீழே இருந்த ஏணிக்கம்பி கையில் பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் இரண்டு பேருக்கும் அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

“அம்மா... அவருக்குக் கண்ணு?”

“முக்கால்வாசி போயிடுச்சு சார். பழைய மோட்டார் சத்தத்தை வச்சுத்தான் ஏணி எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிருக்கார். புதுசு மாட்டின அன்னிக்கு இப்படித்தான் திண்டாடினார். ‘என்ன சார், வழி மறந்து போச்சா?’னு சும்மா கத்தினேன். என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வந்து சேர்ந்தார். தினமும் கத்துறதுக்கு எனக்குத் தொண்டை வேணுமே!”

“அவர் பையன்கிட்ட சொல்லிடலாமே?”

“சொன்னா, அப்புறம் குளத்துப் பக்கமே விடமாட்டான். அவருக்குன்னு இருக்கிறது இந்த ஒரு சந்தோஷம்தான். அவர் ஏறுற வரைக்கும் நான் இந்த ஸ்டூலை விட்டு அசையறதில்லை.”

செயலாளர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

“நாளையிலிருந்து நானும் நீந்த வரேன்மா, அவர் பக்கத்துலயே. ஆனா வெளியில நிக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

“எனக்குக் காது மந்தம்னு சொல்லிடுங்க.”

செயலாளர் வெளியே வந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

“பாவம், அந்த அம்மாவுக்குக் காது சரியா கேக்கலையாம். நாமதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

“காது கேக்கலையா? மோட்டார் சத்தம், மோட்டார் சத்தம்னு நம்ம உயிரை வாங்கினவங்களுக்கா?”

“அதைக் கேட்டுக் கேட்டுத்தான் போச்சாம்” என்றார் செயலாளர், சிரிக்காமல்.