முதல் குத்து

"ஏலே சசிதரா, டேப்பை நல்லா இழுத்துப் பிடி. மணமேடை இங்கனதான் வருது."

பேரூராட்சித் தலைவர் விஜயபாண்டி கைகாட்டிய இடத்தில் ஒரு காலத்தில் சின்ன வெங்காயம் மலையாகக் குவிந்து கிடக்கும். சந்தை பைபாஸ் ரோட்டுக்கு இடம் மாறியபின், ஆறு வருஷமாக அந்தப் பழைய கட்டடத்தில் பெண்பிள்ளைகள் குத்துச்சண்டை பழகினார்கள். சாக்கில் இலவம்பஞ்சும் மணலும் அடைத்துத் தொங்கவிட்டுக் குத்துவார்கள். வெங்காயம் நிறுத்த தராசிலேயே எடை பார்த்துக்கொள்வார்கள்.

"அண்ணே, கல்யாண மண்டபம் கட்ட வேற இடமா இல்ல? இதை இடிச்சா பதினாலு பிள்ளைகளும் எங்க போகும்?" என்றாள் கோச் யுவராணி.

"எதுக்கும் ஒரு வரலாறு வேணும்மா. இந்தக் கட்டடத்துக்கும் பாக்ஸிங்குக்கும் என்ன வரலாறு இருக்கு?"

தலைவருக்கு வரலாறு என்றால் உயிர். போன வருஷம் திறந்த கழிப்பறையிலேயே தன் வாழ்க்கைக் குறிப்பைக் கல்லில் பொறித்து வைத்தவர்.

"இருக்குண்ணே. அந்தக் கல்லை வாசிக்கச் சொல்லுங்க."

சுவரில் சுண்ணாம்பு அப்பிய பழைய கல்வெட்டு. அதன் மேல் ஓர் ஆணியில் கிழிந்த சிவப்பு கிளவுஸ் தொங்கியது. எழுத்தர் சசிதரன் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டினார்.

"காய்கறிச் சந்தை... 1958... முதல் குத்... மொக்கைச்சாமி."

"மொக்கைச்சாமியா? எங்க தாத்தாடா!" தலைவரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "முதல் குத்து! அப்ப இந்த ஊரோட முதல் பாக்ஸரே எங்க தாத்தாதானா?"

"அவரைக் கண்டா சந்தையே நடுங்குமாம்ணே. கூடை வச்சு வித்தவுக இன்னமும் சொல்லுறாக" என்றாள் யுவராணி.

உணர்ச்சிவசப்பட்டுக் கல்லைத் தடவப் போனார் தலைவர். யுவராணி குறுக்கே வந்தாள்.

"அந்தக் கிளவுஸை மட்டும் தொட்டுறாதீகண்ணே. எறக்குனா ராசி போயிரும்."

ராசி என்றதும் கையை இழுத்துக்கொண்டார். நாலு தேர்தலைப் பார்த்தவர்.

அதன்பின் வரலாறு தானாக வளர்ந்தது. முதல் வாரம் தாத்தா ஒரு வெள்ளைக்காரனைக் குத்திச் சாய்த்தார். அடுத்த வாரம் மூன்று பேர். மூன்றாவது வாரம், குமுளி மலை இறங்கி வந்த பயில்வான் ஒருவன் ஒரே குத்தில் போடிமெட்டு வழியாக ஊர் திரும்பினான். 1958இல் வெள்ளைக்காரன் ஏது என்று கேட்க சசிதரனுக்குத் தைரியம் இல்லை.

மண்டபத் திட்டம் கைவிடப்பட்டது. 'இக்கட்டடம் நிரந்தரமாகக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடமே' என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கூரை மாறியது, புது ரிங் வந்தது.

திறப்பு விழாவில் ஊரே கூடியிருந்தது. தலைவர் ஆணையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, யுவராணியிடம் நீட்டினார். பிள்ளைகள் போட்ட விசிலில் புதுத் தகரக் கூரை அதிர்ந்தது.

"தலைவரே, தாத்தா மாதிரி ஒரு போஸ்!" என்றார் போட்டோக்காரர்.

யுவராணி தடுப்பதற்குள் ஆணியிலிருந்து கிளவுஸை உருவி மாட்டிக்கொண்டார் தலைவர். முஷ்டியை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமோ அவருக்குப் பின்னால், கல்லில் கிளவுஸ் மறைத்திருந்த எழுத்தைப் பார்த்தது.

கல்வெட்டு வாசித்தே பழகிப்போன சசிதரன் மைக்கில் முழுசாக வாசித்துத் தொலைத்தார்.

"முதல் குத்தகை: மொக்கைச்சாமி."

"ஆமா, குத்தகைக்காரர் வசூலுக்கு வந்தா கூடையத் தூக்கிட்டு ஓடுவோம்ல!" என்று முன்வரிசையில் சிரித்தாள் வெங்காயக்காரி ராக்கம்மாள்.

கையெழுத்துப் போட்ட ஆணையை நாலாக மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள் யுவராணி.

"அதாண்ணே அன்னைக்கே சொன்னேன், எறக்குனா ராசி போயிரும்னு."