பாதி இறக்கிய ஷட்டர்

குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. மகன் முதலில் நுழைந்தான். பின்னாலேயே அவர்.

செவ்வாய்க்கிழமை. ஊரில் எந்த சலூனும் திறக்காத நாள். கடைக்காரன் சுடலை மட்டும் இவனுக்காக மாதம் ஒருமுறை வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வைப்பான்.

எவ்வளவு பெரிய மனசு! ஊரெல்லாம் சொல்லலாம் போலிருக்கும் அவருக்கு. ஆனால் சொல்லக்கூடிய விஷயமா அது?

பையிலிருந்து சீப்பை எடுத்தார். வீட்டுச் சீப்பு. அப்புறம் ஒரு பழைய வேட்டி. கடையில் போர்த்துகிற துணி கறுப்பு. மகன் தலையிலிருந்து உதிரும் செதில் அதில் பளிச்சென்று தெரியும். வெள்ளை வேட்டியில் தெரியாது. இது அவருடைய யோசனைதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"சொரியாசிஸ் ஒட்டிக்கிடாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றான் சுடலை, எப்போதும்போல. "வாரவனுக்குத் தெரியணும்லா."

"அது எனக்குத் தெரியாதா சுடலை? நீ வெட்டு."

கத்தரி ஓடத் தொடங்கியது.

காதுக்குப் பின்னால் வந்ததும் சுடலையின் கை மெதுவானது. அங்கே தோல் சிவந்து, தடித்து, வெடித்திருந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் சீப்பு பட்டாலே மகன் துள்ளுவான். இப்போது கொஞ்ச நாளாக எதற்கும் துள்ளுவதில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் இடம் மாறிப் போனதைக்கூட வீட்டில் சொல்லவில்லை. வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மகனோடு தனியாகப் பேசினார். பிறகு அவரைக் கூப்பிட்டார்.

"தோலைவிட மனசுதான் இப்ப மோசமா இருக்கு. பையனைத் தனியா விடாதீங்க. மாடியில மனநல டாக்டர் இருக்காங்க. இன்னைக்கே காட்டிட்டுப் போங்க."

அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே போய் உட்கார்ந்ததை யாராவது பார்த்துவிட்டால்? ஏற்கெனவே இருக்கிற பேச்சு போதாதா?

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள்.

"சுடலை, கடை உண்டா?"

"இல்லண்ணே. லீவுல்லா."

"உள்ள ஆள் இருக்க மாதிரி இருக்கு?"

சுடலை அவரைப் பார்த்தான். சொல்லாதே என்று அவர் அவசர அவசரமாகக் கையை ஆட்டினார்.

"யாரும் இல்லண்ணே. சும்மா கூட்டிப் பெருக்கிட்டு இருக்கேன்."

கால்கள் போயின. பைக் கிளம்பியது. அவர் சுடலையைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சிரித்தார். தப்பித்தோம்.

அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தார்.

மகன் அதில் இல்லை.

நாற்காலியில் சறுக்கி இறங்கி, வேட்டிக்குள் சுருண்டு கிடந்தான். கண்ணை இறுக்க மூடியிருந்தான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான். பைக் சத்தம் தேய்ந்து போன பிறகும் விடவில்லை.

"போயிட்டாரு தம்பி. நிமிந்து உக்காரு," என்றான் சுடலை.

நிமிர்ந்தான்.

பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல வைத்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்லித் தொலைத்தாயிற்று.

மிச்ச முடியும் விழுந்தது. சுடலைக்கும் மனது என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும். போர்த்தியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு மகனின் தோளில் தட்டினான்.

"அடுத்த மாசம் புது ஸ்டைல் ஒண்ணு வெட்டிருவோம். போன்ல படம் பாத்து வச்சுக்க."

மகன் சிரித்தான். எவ்வளவோ நாளைக்கப்புறம் பார்க்கிற சிரிப்பு.

"அடுத்த மாசம் நான் இருக்க மாட்டேண்ணே."

"எங்க, ஊருக்குப் போறியளோ?"

"ஆமாண்ணே."

அவர்களுக்கு இதை விட்டால் வேறு ஊர் கிடையாது.

சீப்பையும் வேட்டியையும் எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. ஷட்டரைக் கைகொடுத்து முழுதாகத் தூக்கினார்.

வெளியே நல்ல வெயில். தெரு நிறையத் தெரிந்த முகங்கள். அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினாலு வயதுப் பையன். சின்னதிலேயே, தெருவில் கையைப் பிடித்தால், "விடுங்கப்பா, பயலுவ பாக்கானுவ" என்று உதறிவிட்டு ஓடுகிறவன்.

இன்று உதறவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. அவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஓடினார்.

எங்கே போகிறோம் என்று மகன் கேட்கவே இல்லை.