இருபத்திரண்டு நாடு சுற்றியவர்

"இந்தக் கடையில யாரும் முத்து வாங்காதீங்க! கைடுக்குக் கமிஷன் போகும்!" என்று முத்துக் கடை வாசலில் வந்து நின்ற சுற்றுலா பஸ்ஸுக்குள் எழுந்து முழங்கினார் சிங்கப்பூர் செங். சொகுசுக் கப்பலில் இருபத்திரண்டு நாடு சுற்றியவர்.

தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கைடு பிரசித்தின் முகம் வாடியது. இன்று முத்து விற்றால்தான் மகளைப் பள்ளியில் சேர்க்க முடியும்.

"வயித்துல அடிக்காதீங்கய்யா. அந்தப் பின்சந்துக் கடைக்கு மட்டும் போயிடாதீங்க. பாதி விலைக்குக் குடுத்து எங்க பொழப்பையே கெடுக்குறான்."

"பாத்தீங்களா, அவன் வாயாலயே வந்துடுச்சு! நான் பாக்காத கைடா? கிளம்புங்க எல்லாரும்!"

செங் முன்னே நடக்க, முப்பது பேரும் பின்சந்துக்குள் நுழைந்தார்கள்.

பிரசித் நிதானமாகப் போனை எடுத்தான்.

"மாலி, முப்பது பேரு வர்றாங்க. கல்லாவுக்கு மேல இருக்குற நம்ம கல்யாணப் போட்டோவைச் சீக்கிரம் கழட்டு."