மையில் தெரிந்த வளையல்

"கையை ஆட்டாதே பாப்பா! ஜின்னு ராஜா ஓடிருவார்" என்று அதட்டினார் மை போட வந்த ஷேக்.

எட்டு வயது பஹிய்யா உள்ளங்கை மையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டாள். கீழ்வீட்டுத் தையல்காரர் மகள். பெரியவர்கள் கண்ணுக்கு மையில் ஒன்றும் தெரியாது. சின்னப் பிள்ளைதான் பார்த்துச் சொல்ல வேண்டும். கெய்ரோவில் இது ஊரறிந்த சங்கதி.

மாடிவீட்டு ஹாஜியாரின் மனைவி இஹ்ஸானுடைய தங்க வளையலைக் காணவில்லை. துணி துவைக்க வரும் உம்மு ஸக்கிதான் எடுத்தாள் என்று இஹ்ஸான் அடித்துச் சொல்லிவிட்டாள். உம்மு ஸக்கி கதவோரம் நின்றாள். மையும் அவளையே காட்டினால் நேரே போலீஸ்தான்.

"மையில ஒருத்தன் வந்து ராஜாவுக்குத் தரையைப் பெருக்குறானா?" என்று கேட்டார் ஷேக்.

"பெருக்குறான்."

"ராஜா வந்து உட்காந்துட்டாரா?"

"உட்காந்து காபி குடிக்கிறார்."

"திருடியைக் காட்டச் சொல்லு. துணி மூட்டையோட ஒருத்தி வர்றா பாரு!"

"மூட்டை இல்லையே. பச்சை கவுன், குதிகால் உசந்த செருப்பு."

ஷேக் இருமினார். "சரியாப் பாரு. ஏழைப் பொம்பளை..."

"மை உங்க கையிலயா, என் கையிலயா?"

"அவளைப் பேச விடுமய்யா!" என்றார் ஹாஜியார்.

"தங்கக்கடை தெரியுது. வளையலைக் கழட்டித் தராசுல வைக்கிறாங்க. பக்கத்துல சுருட்டை முடி அண்ணன் ஒருத்தர். 'அக்கா, மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவார்'ங்கிறார்."

"போதும்!" இஹ்ஸான் பாய்ந்து வந்தாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும். கையைக் கழுவி விடுங்க!"

ஹாஜியார் மெல்லத் திரும்பினார். "உன் தம்பிக்காகவா வித்தே?"

இஹ்ஸான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷேக் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த காபியைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

படிக்கட்டில் உம்மு ஸக்கி பஹிய்யாவைக் கட்டிக்கொண்டாள். "என் கண்ணே! அந்த ராஜா நல்லா இருக்கணும். என் மானத்தைக் காப்பாத்திட்டார்."

"ராஜாவாவது கூஜாவாவது சித்தி! மையில வெறும் கறுப்புத்தான். தங்கக்கடை வாசல்ல நின்னு நானே பார்த்தேன். காலைல ஹாஜியார்கிட்ட 'நான் பார்த்தேன்'னு ஆரம்பிச்சதுமே, 'சின்னப் பிள்ளை பேச்சை எவன் கேப்பான், போ'ன்னு காதைத் திருகி விரட்டிட்டார்."