டிரைவரின் லீவு நாள்

வீடியோ கேம் கூடம் ஒன்றில் இரண்டு கார்ப் பந்தய எந்திரங்கள் அருகருகே நின்றன. கிளட்ச், கியர், தேயும் டயர் என்று எல்லாமே நிஜம்போல இருந்த துல்லியனுக்கு, பக்கத்திலிருந்த துள்ளுவானைக் கண்டாலே இளக்காரம்.

"சுவரில் மோதியும் ஓடிக்கொண்டே இருக்கிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா?"

"மோதத்தானே வருகிறார்கள்," என்றது துள்ளுவான்.

பஸ் டிரைவர் மாசிலாமணி ஒரு லீவு நாளில் வந்து துல்லியனில் உட்கார்ந்தார். வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் வந்துவிட்டாரே என்று அது பூரித்துப்போனது. அவர் கண்ணாடி பார்த்தார், வளைவுகளில் பதமாக பிரேக் போட்டார், ஒரு கீறல் இல்லாமல் ஓட்டி முடித்தார்.

"அப்படியே டியூட்டி பார்த்த மாதிரி இருக்கு," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துல்லியன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது.

அவரோ நேராகத் துள்ளுவானிடம் போனார். தடுப்புச் சுவரை இடித்துத் தள்ளினார், போலீஸ் ஜீப்பைக் கவிழ்த்தார், பாலத்திலிருந்து கடலில் பாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இருபத்திரண்டு வருஷ ஆசை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

துல்லியன் துள்ளுவானிடம் மெல்லக் கேட்டது: "கடலில் விழும்போது எப்படி இருக்கும்?"